சிறுநீரக, வயிற்றறைச் சீழ்க்கட்டிகளில் சிகிச்சைத் தோல்வி

சீழ்க்கட்டி என்பது நுண்ணுயிர்த் தொற்றினால் அழிந்த திசுக்களும், இறந்த வெள்ளை அணுக்களும், உயிருள்ள கிருமிகளும் ஓரிடத்தில் தேங்கி, அதைச் சுற்றி ஒரு சுவர் உருவாகிவிட்ட நிலையாகும். இது தோலில் வந்தால் கண்ணுக்குத் தெரியும். சிறுநீரகத்திலோ வயிற்றறைக்குள்ளோ வந்தால் வெளியே தெரிவதில்லை. காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாவின் பின்பக்கத்திலோ வயிற்றிலோ வலி, பசியின்மை, உடல் மெலிவு ஆகியவையே அதன் அடையாளங்கள். இவை வேறு பல நோய்களிலும் காணப்படுவதால் நோய் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுவது உண்டு.

இன்று பெரும்பாலான நோயாளிகள் மருந்தாலும், ஊசி அல்லது குழாய் மூலம் சீழை வடிப்பதாலும் குணமடைகின்றனர். எனினும் ஒரு பகுதியினரிடம் சிகிச்சை தோல்வியடைகிறது. காய்ச்சல் தணிவதில்லை, அல்லது தணிந்து மீண்டும் வருகிறது. மருந்து வலுவற்றது என்பதே இதற்குக் காரணம் எனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், சீழ் முழுமையாக வெளியேறாமை, சீழை உண்டாக்கிய மூல காரணம் நீக்கப்படாமை, கிருமி சரியாக இனங்காணப்படாமை ஆகிய மூன்றுமே பெரும்பாலான தோல்விகளுக்கு அடிப்படையாக உள்ளன.

சீழ்க்கட்டி தோன்றும் இடங்கள்

சிறுநீரகச் சீழ்க்கட்டி மூன்று இடங்களில் தோன்றலாம். முதலாவது, சிறுநீரகத் திசுவுக்கு உள்ளேயே உண்டாவது. இரண்டாவது, சிறுநீரகத்தின் உறைக்கும் அதைச் சுற்றியுள்ள கெரோட்டா உறைக்கும் இடையே, கொழுப்புப் பகுதியில் உண்டாவது. ருமேனிய உடற்கூற்றியலாளர் டிமித்ரி கெரோட்டா 1895 இல் இவ்வுறையை விவரித்ததால் அது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. மூன்றாவது, அந்த உறைக்கும் வெளியே உண்டாவது.

முற்காலத்தில் தோல் புண், கொப்புளம் ஆகியவற்றிலிருந்து இரத்தத்தின் வழியே வந்த ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியே சிறுநீரகச் சீழ்க்கட்டிக்கு முதன்மைக் காரணமாக இருந்தது. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பரவலான பின் அந்நிலை மாறியது. இன்று பெரும்பாலான கட்டிகள் சிறுநீர்ப் பாதையில் கீழிருந்து மேலேறும் ஈ. கோலை, கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் ஆகிய கிருமிகளால் உண்டாகின்றன. நீரிழிவு, சிறுநீரகக் கல், சிறுநீர்ப் பாதை அடைப்பு, குழந்தைகளிடம் சிறுநீர் பின்னோக்கிப் பாய்தல் ஆகியவை இதற்கு வழி அமைக்கின்றன.

வயிற்றறைச் சீழ்க்கட்டிக்குப் பெரும்பாலும் குடலே மூலம். குடல்வால் அழற்சி முற்றி வெடித்தல், பெருங்குடலின் பைகளில் அழற்சி, இரைப்பை அல்லது குடலில் துளை, குரோன் நோய், கணைய அழற்சி, வயிற்று அறுவைக்குப் பின் தையல் கசிதல் ஆகியவை முக்கியமானவை. சீழ் உதரவிதானத்தின் அடியில் தேங்கினால் விக்கலும் தோள்பட்டை வலியும் வரலாம். இடுப்புக்குழியில் தேங்கினால் சளியுடன் கூடிய வயிற்றுப்போக்கும் அடிக்கடி மலம் கழிக்கும் உணர்வும் ஏற்படலாம். முதுகெலும்பை ஒட்டிய சோவாஸ் தசையில் தேங்கினால் நோயாளி காலை மடக்கியே வைத்திருப்பார். நீட்டினால் வலிக்கும்.

மருந்து மட்டும் ஏன் போதுவதில்லை

ஆன்டிபயாட்டிக் மருந்து இரத்தத்தின் வழியாகவே தொற்றுள்ள இடத்தை அடைகிறது. சீழ்க்கட்டியின் நடுவில் இரத்தக் குழாய்கள் இல்லை. சுற்றியுள்ள சுவர் தடித்திருக்கும். எனவே மருந்து ஓரத்தை எட்டினாலும் நடுப்பகுதிக்குப் போதிய அளவில் செல்வதில்லை.

உள்ளே சென்ற மருந்தும் முழுமையாக வேலை செய்வதில்லை. சீழின் உள்ளே அமிலத்தன்மை மிகுதி, ஆக்சிஜன் குறைவு. ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற மருந்துகள் கிருமிக்குள் நுழைய ஆக்சிஜன் தேவை என்பதால், இச்சூழலில் அவற்றின் ஆற்றல் வெகுவாகக் குறைகிறது. பென்சிலின் வகை மருந்துகள் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியையே கொல்லும். சீழினுள் கிருமிகள் மிக மெதுவாகப் பெருகுவதால் அவை தப்பிவிடுகின்றன. மருந்தைச் சிதைக்கும் நொதிகளும் சீழில் சேர்ந்திருக்கும். மேலும், கிருமிகளின் எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கும்போது, ஆய்வகத்தில் பலனளித்த மருந்தே உடலில் பலனளிக்காமல் போகக்கூடும்.

சீழ் இருக்கும் இடத்தில் அதை வெளியேற்ற வேண்டும் என்பது மருத்துவத்தின் மிகப் பழைய விதிகளுள் ஒன்று. ஆன்டிபயாட்டிக் வந்த பின்னும் அவ்விதி மாறவில்லை. முன்பு அறுவை சிகிச்சையால் மட்டுமே இது இயன்றது. அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன் ஆகியவை வந்த பின், 1970களின் பிற்பகுதி முதல், ஸ்கேன் பார்த்துக்கொண்டே தோல் வழியாக ஊசியைச் செலுத்திக் குழாய் வைத்து வடிக்கும் முறை பரவியது. இன்று பெரும்பாலான இடங்களில் இதுவே முதல் தேர்வாகும்.

சிகிச்சைத் தோல்வி என்பதன் பொருள்

பின்வரும் நிலைகளில் ஒன்று ஏற்பட்டால் அதைச் சிகிச்சைத் தோல்வி எனக் கருதலாம்:

- தகுந்த மருந்து தொடங்கிச் சில நாட்கள் ஆகியும் காய்ச்சலும் வலியும் குறையாமை
- ஸ்கேனில் கட்டி பெரிதாதல், அல்லது புதிய கட்டி தோன்றுதல்
- கட்டி வயிற்றறைக்குள்ளோ நெஞ்சறைக்குள்ளோ உடைதல்
- தொற்று இரத்தத்தில் பரவி உறுப்புகள் செயலிழத்தல்
- முதலில் திட்டமிடாத அறுவை சிகிச்சையோ சிறுநீரக நீக்கமோ தேவைப்படுதல்
- குணமான பின் அதே இடத்தில் கட்டி மீண்டும் வருதல்
- உயிரிழப்பு

ஸ்கேனில் ஒரு குழி தொடர்ந்து தெரிவது மட்டுமே தோல்வி ஆகாது. குறிப்பாக, அமீபாவால் வரும் கல்லீரல் கட்டியில் நோயாளி முழு நலம் பெற்ற பின்னும் குழி மறையப் பல மாதங்கள் ஆகலாம். ஆகவே நோயாளியின் நிலை, இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஆகிய மூன்றையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இடர்க் காரணிகள்

1. தாமதமாகக் கண்டறிதல்

சாதாரணச் சிறுநீரகத் தொற்றில் சரியான மருந்து தொடங்கியதும் இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் குறையத் தொடங்கும். 72 மணி நேரத்துக்கு மேலும் காய்ச்சல் நீடித்தால், உள்ளே சீழ் அல்லது அடைப்பு உள்ளதா என ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது வழக்கம். சிறுநீரகத்தைச் சுற்றிய சீழ்க்கட்டி பற்றி 1974 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது. கட்டி இல்லாத சிறுநீரகத் தொற்று உடையவர்களுள் பெரும்பாலோர் ஐந்து நாட்களுக்குக் குறைவான தொல்லையுடன் வந்தனர். கட்டி உடையவர்களுள் பெரும்பாலோர் அதைவிட நீண்ட நாட்கள் தொல்லைப்பட்ட பின்னரே மருத்துவமனைக்கு வந்திருந்தனர்.

சிறுநீர்ப் பரிசோதனையும் சில வேளைகளில் ஏமாற்றிவிடும். கட்டிக்கும் சிறுநீர் செல்லும் பாதைக்கும் தொடர்பு இல்லாவிட்டால் சிறுநீரில் கிருமி வளராது. சிறுநீரில் ஒன்றுமில்லை என்ற முடிவு சிறுநீரகத்தில் சீழ் இல்லை என்பதற்குச் சான்றாகாது. சிறிய கட்டிகளை அல்ட்ராசவுண்ட் தவறவிடலாம். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் அவற்றைத் தெளிவாகக் காட்டும்.

2. கட்டியின் அளவும் அமைப்பும்

சிறுநீரகக் கட்டியின் விட்டம் 3 செ.மீ.க்குக் குறைவாக இருந்து, நோயாளியின் பொது நிலை நன்றாக இருந்தால், மருந்து மட்டுமே பெரும்பாலும் போதுமானது. 3 முதல் 5 செ.மீ. வரை உள்ள கட்டிகளில் ஊசியால் வடிப்பதா, மருந்துடன் காத்திருப்பதா என்பது நோயாளியின் நிலையைப் பொறுத்து முடிவு செய்யப்படுகிறது. 5 செ.மீ.க்கு மேற்பட்டவற்றுக்கு வடிகுழாய் தேவை. சில வேளைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களோ அறுவையோ தேவைப்படும். பெருங்குடல் பை அழற்சியால் வரும் கட்டிகளிலும் ஏறத்தாழ 3 முதல் 4 செ.மீ. என்பதே மருந்துக்கும் வடிப்புக்கும் இடையிலான எல்லையாகக் கொள்ளப்படுகிறது.

அளவைப் போலவே அமைப்பும் முக்கியம். ஒரே அறையாக, நீர்த்த சீழுடன் இருக்கும் கட்டி எளிதில் வடியும். உள்ளே பல தடுப்புகளுடன் தேன்கூடு போல இருந்தால் ஒரு குழாய் ஓர் அறையை மட்டுமே காலி செய்யும். சீழ் மிகத் தடித்திருந்தாலும், இறந்த கணையத் திசு அல்லது உறைந்த இரத்தம் கலந்திருந்தாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். பல கட்டிகள் ஒரே நேரத்தில் இருப்பதும் இடரை உயர்த்துகிறது.

3. மூல காரணம் நீங்காமை

சீழை வடித்தாலும் அதை உண்டாக்கிய காரணம் அப்படியே இருந்தால் கட்டி திரும்பவும் வரும். சிறுநீரகத்தில் இது பெரும்பாலும் அடைப்பாக இருக்கும். கல், குழாய்ச் சுருக்கம், புராஸ்டேட் வீக்கம் ஆகியவற்றால் சிறுநீர் தேங்கும்போது கிருமிகள் பெருகுகின்றன. தொற்றும் அடைப்பும் ஒன்றாக இருந்தால் அது அவசர நிலையாகும். ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாயை உள்ளே வைத்தோ, முதுகுப் பக்கத்திலிருந்து சிறுநீரகத்துக்குள் குழாய் செலுத்தியோ முதலில் சிறுநீருக்கு வழி செய்ய வேண்டும். கல்லை அகற்றும் வேலை தொற்று தணிந்த பின் நடைபெறும். தொற்றுள்ள கல்லின் உள்ளேயும் கிருமிகள் தங்கியிருக்கும் என்பதால், அதை அகற்றாதவரை ஆபத்து நீங்குவதில்லை.

மான்கொம்புக் கல் எனப்படும் பெரிய கல் நீண்ட காலம் இருந்தால் சிறுநீரகத் திசு மெல்ல அழிந்து மஞ்சள் நிறக் கொழுப்பு நிறைந்த கட்டியாக மாறக்கூடும். இந்நிலையில் மருந்தும் வடிப்பும் தற்காலிக உதவியே. செயலிழந்த சிறுநீரகத்தை அகற்றுவதே பெரும்பாலும் தீர்வாகிறது.

வயிற்றறையில் மூல காரணம் பொதுவாகக் குடலில் உள்ள துளையாகும். குடலுக்கும் கட்டிக்கும் தொடர்பு இருக்கும்வரை சீழ் ஊறிக்கொண்டே இருக்கும். நடுத்தர வயதைக் கடந்தவர்களிடம் குடல்வால் கட்டிக்கோ பெருங்குடல் கட்டிக்கோ பின்னால் புற்றுநோய் மறைந்திருக்கலாம். அதனால் நலம் பெற்ற பின் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்யப்படுகிறது.

4. கிருமியும் மருந்தெதிர்ப்பும்

வயிற்றறைச் சீழில் பொதுவாகப் பல கிருமிகள் ஒன்றாக இருக்கும். ஈ. கோலை போன்றவற்றுடன், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீராய்ட்ஸ் ஃப்ரஜிலிஸ் போன்றவையும் சேர்ந்திருக்கும். பின்னதன் மேலுறைக்கே கட்டி உண்டாக்கும் தன்மை உண்டு. சீழைத் திறந்த நிலையில் ஆய்வகத்துக்கு அனுப்பினால் இக்கிருமிகள் காற்றுப் பட்டு அழிந்து, கல்சர் பரிசோதனையில் தெரியாமல் போகும். அறிக்கையில் உள்ள கிருமிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மறைந்திருப்பது தப்பிவிடும்.

மருத்துவமனையில் நீண்ட நாள் தங்கியவர்கள், அண்மையில் பல ஆன்டிபயாட்டிக் மருந்துகள் எடுத்தவர்கள், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர்கள் ஆகியோரிடம் மருந்தெதிர்ப்புக் கிருமிகள் இருக்கும் வாய்ப்பு அதிகம். செஃபலோஸ்போரின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கும் ஈ. கோலை, கிளெப்சியெல்லா ஆகியவை தெற்காசியாவில் பரவலாக உள்ளன. வயிற்று அறுவைக்குப் பின் வரும் கட்டிகளில் என்டரோகாக்கஸும் கேண்டிடா பூஞ்சையும் இருக்கலாம். தொடக்கத்தில் கொடுக்கும் மருந்து இவற்றுக்குப் பொருந்தாவிட்டால் முதல் சில நாட்கள் வீணாகிவிடும்.

மருந்துக் கடையில் தாமாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கி இரண்டு நாள் சாப்பிடும் பழக்கம் இரு வகையில் கெடுதல் செய்கிறது. காய்ச்சல் சற்றுத் தணிந்து நோய் மறைகிறது. கல்சரிலும் கிருமி வளராமல் போகிறது. இந்தியாவில் 2014 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை விதியின்படி, மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், கார்பபெனெம் உள்ளிட்ட பல மருந்துகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்பனையைத் தனிப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும்.

5. நோயாளியின் உடல்நிலை

நீரிழிவு இவற்றுள் முதலிடம் பெறுகிறது. இரத்தச் சர்க்கரை உயர்ந்திருக்கும்போது வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கிக் கொல்லும் திறன் குறைகிறது. நரம்பு பாதிப்பால் வலி தெரியாமல் போகலாம். சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல் சிறுநீர் தேங்கலாம். இதனால் நீரிழிவு உடையவர்களிடம் நோய் எளிதில் வருகிறது, தாமதமாகத் தெரிகிறது, மெதுவாகக் குணமாகிறது.

முதியோர், சிறுநீரகச் செயலிழப்பு அல்லது கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோரும் இடர் மிகுந்தவர்களே. இவர்களிடம் காய்ச்சலோ வயிற்று இறுக்கமோ இல்லாமலேயே கட்டி வளரலாம். இரத்தத்தில் ஆல்புமின் குறைந்திருப்பது உடல் ஊட்டம் இழந்திருப்பதற்கும் நோய் கடுமையாக இருப்பதற்கும் அறிகுறியாகும். சிகிச்சை தொடங்கும்போதே இரத்த அழுத்தம் வீழ்ந்திருந்தாலும், நினைவு குழம்பியிருந்தாலும், பல உறுப்புகள் பாதிக்கப்பட்டிருந்தாலும் தோல்வியின் வாய்ப்பு உயரும்.

6. வடிப்பில் ஏற்படும் குறைகள்

வடிகுழாய் பொதுவாக 8 முதல் 14 ஃபிரெஞ்சு அளவில், அதாவது ஏறத்தாழ 3 முதல் 5 மி.மீ. தடிமனில் இருக்கும். தடித்த சீழுக்கு மெல்லிய குழாய் வைத்தால் அடைத்துக்கொள்ளும். குழாய் இடம் மாறுதல், மடங்குதல், உப்புநீர் செலுத்திக் கழுவாமல் விடுதல், மிக விரைவில் எடுத்துவிடுதல் ஆகியவையும் தோல்விக்குக் காரணமாகின்றன.

குழாயை எடுப்பதற்குப் பொதுவாக மூன்று நிபந்தனைகள் பார்க்கப்படுகின்றன: காய்ச்சலும் வெள்ளை அணு எண்ணிக்கையும் தணிந்திருக்க வேண்டும், ஒரு நாளில் வடியும் அளவு 10 முதல் 20 மி.லி.க்குக் குறைந்திருக்க வேண்டும். ஸ்கேனில் குழி சுருங்கியிருக்க வேண்டும். வடிவது திடீரென நின்றும் காய்ச்சல் தொடர்ந்தால் குழாய் அடைத்திருக்கலாம். பல நாட்கள் ஆகியும் அதிக அளவில் வடிந்துகொண்டே இருந்தால் குடலுடனோ சிறுநீர்ப் பாதையுடனோ தொடர்பு இருப்பதாக ஐயுற வேண்டும்.

7. மருந்தின் கால அளவு

மருந்தை நீட்டிப்பது வடிப்பின் குறையை ஈடு செய்யாது என்பதற்கு 2015 இல் அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளிலிருந்து வெளியான ஓர் ஆய்வு சான்றாக உள்ளது. வயிற்றறைத் தொற்றின் மூலம் சரியாகக் கட்டுப்படுத்தப்பட்ட 518 நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஏறத்தாழ 4 நாட்களும், மற்றவர்களுக்கு அறிகுறிகள் நீங்கிய பின்னும் இரண்டு நாட்கள் வரை, நடுமதிப்பாக 8 நாட்களும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டது. காயத் தொற்று, மீண்டும் வயிற்றறைத் தொற்று, இறப்பு ஆகியவை சேர்ந்த எண்ணிக்கை இரு பிரிவிலும் ஏறத்தாழ 22 விழுக்காடாகவே இருந்தது.

இம்முடிவை எல்லா நோயாளிகளுக்கும் பொருத்தக் கூடாது. மூலம் சரியாகக் கட்டுப்படுத்தப்பட்டவர்களே அந்த ஆய்வில் இருந்தனர். வடிக்காமல் மருந்தால் மட்டும் குணப்படுத்தும் சிறுநீரகக் கட்டிக்கு இரண்டு மூன்று வாரங்களோ அதற்கு மேலோ மருந்து தேவைப்படுகிறது. சீழ் பிடித்த கல்லீரல் கட்டிக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை மருந்து தரப்படுகிறது. காய்ச்சல் விட்டதும் நோயாளி தாமாக மருந்தை நிறுத்துவது இந்நிலைகளில் மீள்வருகைக்கு முக்கியக் காரணம்.

வாயு உண்டாகும் சிறுநீரகத் தொற்று

சிறுநீரகத்தின் உள்ளே கிருமிகள் வாயுவை உண்டாக்கும் கடுமையான தொற்று ஒன்று உண்டு. இது பெரும்பாலும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு நோயாளிகளுக்கு வருகிறது. முன்பு இந்நோய் வந்தால் சிறுநீரகத்தை உடனே அகற்றுவதே வழக்கமாக இருந்தது.

தைவான் மருத்துவர்கள் 48 நோயாளிகளை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, யாருக்கு வடிகுழாய் போதும், யாருக்குப் போதாது என்பதை வகைப்படுத்தியது. அவர்கள் நான்கு இடர்க் காரணிகளைக் குறிப்பிட்டனர்: இரத்தத் தட்டணுக்கள் குறைதல், சிறுநீரகம் திடீரெனச் செயலிழத்தல், நினைவுக் குழப்பம், அதிர்ச்சி நிலை. தொற்று விரிந்து பரவியவர்களுள், இவற்றில் ஒன்றுக்கு மேல் இல்லாதவர்களில் 85 விழுக்காட்டினர் மருந்தாலும் வடிகுழாயாலும் குணமடைந்தனர். இரண்டோ அதற்கு மேலோ இருந்தவர்களிடம் அதே சிகிச்சை 92 விழுக்காடு தோல்வியடைந்தது. சேர்க்கையின்போதே எளிய பரிசோதனைகளால் அறியக்கூடிய நான்கு செய்திகள், சிகிச்சையின் போக்கை முன்கூட்டியே உணர்த்தின என்பது இதன் சிறப்பாகும்.

வேறு நோய் எனத் தவறாகக் கருதப்படும் கட்டிகள்

சில கட்டிகளில் சிகிச்சை தோல்வியடையக் காரணம், அவை வழக்கமான கிருமிகளால் உண்டாகாதவை என்பதே.

அமீபா கல்லீரல் சீழ்க்கட்டி: இது பெரும்பாலும் ஆண்களிடம், கல்லீரலின் வலப் பகுதியில் வரும். இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதியில் இந்நோய் நீண்ட காலமாகக் காணப்படுகிறது. கள் அருந்தும் பழக்கத்துடன் இதற்குள்ள தொடர்பை அங்கு நடந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. மற்றக் கட்டிகளுக்கு மாறாக, இது பெரும்பாலும் வடிக்காமலேயே மெட்ரோனிடசோல் மருந்தால் குணமாகும். ஆனால் அம்மருந்து குடலில் தங்கியுள்ள அமீபாவை முற்றிலும் அழிப்பதில்லை. அதற்கெனத் தனி மருந்தும் தராவிட்டால் கட்டி மீண்டும் வரலாம். இடப் பகுதியில் வரும் கட்டி இதய உறைக்குள் உடையும் ஆபத்து உள்ளது.

காசநோய்க் கட்டி: முதுகெலும்பில் வரும் காசநோயின் சீழ் சோவாஸ் தசை வழியாக இறங்கி இடுப்பு மடிப்பில் வீக்கமாகத் தோன்றலாம். சூடும் சிவப்பும் இல்லாததால் இது குளிர்க்கட்டி எனப்படும். வழக்கமான ஆன்டிபயாட்டிக் இதற்குப் பயன்படாது. சில குயினோலோன் மருந்துகள் காசநோயைத் தற்காலிகமாகத் தணித்து நோயை மறைத்துவிடவும் கூடும். காசநோய்க்கான கூட்டு மருந்துகளைப் பல மாதங்கள் எடுக்க வேண்டும்.

மெலியோய்டோசிஸ்: மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமியால் வரும் இந்நோயை, இரங்கூனில் பணியாற்றிய விட்மோர், கிருஷ்ணசுவாமி ஆகிய மருத்துவர்கள் 1912 இல் முதன்முதலாக விவரித்தனர். தென்னிந்தியா, இலங்கை, தாய்லாந்து, வட ஆஸ்திரேலியா ஆகிய பகுதிகளில் மழைக்காலத்தில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. நீரிழிவு உள்ள விவசாயிகளிடம் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், புராஸ்டேட் ஆகியவற்றில் பல கட்டிகளை உண்டாக்கும். ஆய்வகத்தில் வேறு கிருமி எனத் தவறாக அறிவிக்கப்படுவதும் உண்டு. ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் இதற்குப் பெரும்பாலும் பயனற்றவை. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி இரண்டு வாரமேனும், பின் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதமேனும் தேவை. மாத்திரையை இடையில் நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

பலன் இல்லாதபோது ஆராய வேண்டியவை

சிகிச்சை தொடங்கி மூன்று நான்கு நாட்களாகியும் முன்னேற்றம் இல்லையெனில், மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே செல்வது சரியான வழியாகாது. பின்வரும் கேள்விகள் வரிசையாக ஆராயப்படுகின்றன:

- சீழ் முழுமையாக வடிந்துள்ளதா? குழாய் சரியான இடத்தில் உள்ளதா?
- ஸ்கேனில் தெரியாமல் விடுபட்ட வேறு கட்டி உள்ளதா?
- கல், அடைப்பு, குடல் துளை ஆகியவை அப்படியே உள்ளனவா?
- கல்சர் முடிவுக்கு ஏற்ற மருந்தா? அளவு போதுமானதா?
- காசநோய், பூஞ்சை, அமீபா போன்ற வேறு காரணம் இருக்கலாமா?
- சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளதா? போதிய உணவு செல்கிறதா?
- காய்ச்சலுக்கு ஊசி போட்ட இடத்துத் தொற்று, நுரையீரல் தொற்று போன்ற வேறு காரணம் உள்ளதா?

பெரும்பாலும் மீண்டும் ஒரு ஸ்கேன் இவற்றுள் பல கேள்விகளுக்கு விடை தரும்.

நோயாளியும் குடும்பத்தாரும் கவனிக்க வேண்டியவை

வடிகுழாயுடன் வீடு திரும்பும் நோயாளிக்குக் குடும்பத்தாரின் கவனிப்பு சிகிச்சையின் ஒரு பகுதியாகும். ஒவ்வொரு நாளும் வடிந்த அளவையும் நிறத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். பை எப்போதும் உடலைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். குழாய் மடங்காமலும் இழுபடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது வெளியே வந்துவிட்டால் தாமாக உள்ளே தள்ளக் கூடாது; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காய்ச்சல் விட்டாலும் சொல்லப்பட்ட நாள் வரை மருந்தை எடுக்க வேண்டும். சர்க்கரை அளவைப் பார்த்து வர வேண்டும். கல்லை அகற்றவோ மறு ஸ்கேனுக்கோ கொடுத்த தேதியை, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போடக் கூடாது. மீண்டும் வரும் கட்டிகளில் பல, இவ்வாறு தள்ளிப்போட்ட இடைவெளியில்தான் உருவாகின்றன. முந்தைய ஸ்கேன் படங்கள், கல்சர் அறிக்கைகள், எடுத்த மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருந்தால் வேறு மருத்துவரிடம் செல்ல நேரும்போது நாட்கள் வீணாகாது.

மீண்டும் குளிர்நடுக்கம், சிறுநீர் குறைதல், மூச்சிரைப்பு, நினைவுக் குழப்பம், வயிறு கல்லாக இறுகுதல், வடிவதில் இரத்தமோ மலமோ கலத்தல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த வாரத்துச் சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.